கோஏல்: உறவுக்காரன் என்ற பொறுப்பு



கி.மு. 587ஆம் ஆண்டு. எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டு மாதங்கள் பல ஆகிவிட்டன. நகருக்குள் பஞ்சமும் கொள்ளைநோயும். நகரம் விழப்போகிறது என்று வெளிப்படையாகச் சொன்னதற்காக எரேமியா தீர்க்கதரிசியை அரசன் சிதேக்கியா காவல் முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறான். அந்த இடத்துக்கு, எரேமியாவின் தகப்பனாருடைய சகோதரர் மகன் அனாமெயேல் வருகிறான். வந்தவன் ஆறுதல் சொல்ல வரவில்லை. ஆனதோத்தில் தனக்கு ஒரு நிலம் இருக்கிறது, அதை எரேமியா வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறான்.

ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சிற்றூர். முற்றுகைக் கோட்டுக்கு வெளியே, பகைவர் கைக்குள் இருக்கிறது. அதில் விதைக்கவும் முடியாது, காலடி வைக்கவும் முடியாது. வாங்குபவரோ சிறையில் இருக்கிறார். இப்படிப்பட்ட நிலத்தை இவரிடம் கொண்டுவந்து நிற்பதற்கு அனாமெயேல் சொன்ன காரணம் ஒன்றுதான்: உரிமை உனக்குத்தான் இருக்கிறது, கெஉல்லா உன்னுடையது.

எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். இன்றைய அளவில் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். பத்திரத்தில் முத்திரையிட்ட படி ஒன்று, திறந்த படி ஒன்று. இரண்டையும் நீண்ட நாள் கெடாமல் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தன் எழுத்தர் பாருக்கிடம் ஒப்படைக்கிறார். வேதாகமத்தில் ஒரு நிலக்கிரயம் இவ்வளவு நுணுக்கமாக விவரிக்கப்படும் இடம் வேறு இல்லை. ஒரே ஆவணத்தை இப்படி இரட்டையாக எழுதும் வழக்கம் பிற்காலத்திலும் தொடர்ந்தது. யூதேயா பாலைவனத்தின் நகல் ஹேவேர் குகையில் 1961இல் தொல்லியலாளர் யிகாயேல் யாதின் கண்டெடுத்த பாபதா என்ற பெண்ணின் பத்திரக்கட்டில், கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய கட்டி முடிச்சிட்ட இரட்டைப் பத்திரங்கள் இருந்தன.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட சொல் இந்தக் கிரயத்துக்குள்தான் இருக்கிறது. கெஉல்லா என்பது செயலின் பெயர். அதைச் செய்பவர் கோஏல். நம் ஆலயங்களில் ‘மீட்பர்’ என்று உச்சரிக்கும்போது நம் நினைவு நேராகப் பாவத்துக்கும் இரட்சிப்புக்கும் போய்விடுகிறது. போகட்டும், அதில் தவறில்லை. ஆனால் பழைய எபிரெயன் ஒருவனுடைய காதில் இந்தச் சொல் விழுந்தபோது முதலில் தோன்றியது குடும்பம்தான். நொடித்துப்போன தம்பி, கைவிட்டுப்போன நிலம், கடனுக்கு அடிமையான மருமகன், இவர்களுக்காகத் தன் பணப்பையை அவிழ்க்க வேண்டிய நெருங்கின உறவுக்காரன். சொல்லின் இந்த நிலத்தோடு ஒட்டிய பொருளை விட்டுவிட்டால், பின்னால் தீர்க்கதரிசிகள் கடவுளை இதே சொல்லால் அழைத்ததன் துணிச்சல் நமக்குப் புரியவே புரியாது. இதுதான் என் பேச்சின் சாரம்.

சட்டம் லேவியராகமம் 25இல் இருக்கிறது. அங்கே நிலம் யாருக்கும் சொந்தமில்லை. அது கடவுளுடையது. இஸ்ரவேலர் அதில் குடியிருக்கும் பரதேசிகள். ஆகவே நிலத்தை நிரந்தரமாக விற்க முடியாது. விற்பனை என்று பேர் இருந்தாலும் உண்மையில் கைமாறுவது அடுத்த யூபிலி வருஷம் வரை உள்ள அறுவடைகள்தான். எத்தனை அறுவடை மிச்சமோ அதற்கேற்ற விலை. 50ஆம் ஆண்டில் நிலம் தானாகவே குடும்பத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் 50 ஆண்டு என்பது ஒரு மனிதனின் வாழ்நாள். வறுமையில் நிலத்தை விற்றவன் அதுவரை காத்திருந்தால் செத்தே போவான். அந்த இடைவெளியில்தான் கோஏல் வருகிறான். விற்றவனுக்கு நெருங்கின உறவுக்காரன் வந்து, மிச்சமுள்ள அறுவடைகளின் விலையைக் கொடுத்து நிலத்தை வெளியே போகாமல் தடுக்க வேண்டும். மீட்ட நிலம் உடனே விற்றவன் கைக்குப் போகிறதா, யூபிலி வரை மீட்டவன் கையில் இருக்கிறதா என்பதை வசனம் தெளிவாகச் சொல்லவில்லை. அறிஞர்கள் இதில் இரு பக்கமும் வாதிட்டிருக்கிறார்கள். குடும்பத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் கவலை என்று எனக்குத் தோன்றுகிறது.

நிலத்தை விடக் கடினமானது ஆளை மீட்பது. கடன் முற்றி ஒருவன் தன்னையே அந்நியனிடம் விற்றுவிட்டால், அவனை மீட்க வேண்டியவர்களின் வரிசையைச் சட்டம் எழுதி வைக்கிறது: உடன்பிறந்தவன், தகப்பனின் சகோதரன், அவன் மகன், அதன்பின் குலத்தில் நெருங்கிய எவரும். எவருக்கு முதல் கடமை என்பதில் சந்தேகம் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை. இதைப் படிக்கும்போது தமிழ் வாசகருக்குப் ‘பங்காளி’ என்ற சொல் நினைவுக்கு வராமல் போகாது. ஒரே வழியில் பிறந்து ஒரே சொத்தில் பாத்தியதை உள்ளவன் பங்காளி. ஆனால் நம்மிடையே அந்தச் சொல்லோடு உரிமையும் சண்டையும் ஒட்டிக்கொண்ட அளவுக்குக் கடமை ஒட்டிக்கொள்ளவில்லை. கோஏல் என்ற சொல்லில் உரிமையும் கடமையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகக் கிடக்கின்றன. அனாமெயேல் வந்து நின்றபோது எரேமியாவுக்குக் கிடைத்தது உரிமை என்றா சொல்வீர்கள்? அது சுமை. ஆனால் வசனம் அதை உரிமை என்றே சொல்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு எபிரெயச் சொல் பாதா. அதையும் நாம் ‘மீட்டல்’ என்றே மொழிபெயர்க்கிறோம். விலை கொடுத்து விடுவிப்பது அதன் பொருள். தலைப்பிள்ளையை 5 சேக்கல் கொடுத்து மீட்கிறார்களே, அது பாதா. அங்கே உறவு தேவையில்லை. யார் கொடுத்தாலும் விலை விலைதான். கோஏலாக இருப்பதற்கோ பணம் மட்டும் போதாது, இரத்தத்தொடர்பு வேண்டும். ஓசியாவும் எரேமியாவும் சில இடங்களில் இரண்டு சொற்களையும் அடுத்தடுத்த அடிகளில் இணையாக வைத்துப் பாடியிருக்கிறார்கள். கவிதையில் அவை ஒன்றையொன்று நெருங்குகின்றன. சட்டத்தில் அவை வேறு வேறு.

இனி இந்தச் சொல்லின் கடுமையான முகம். சிலர் இதைத் தவிர்த்துவிட்டுப் பேசுகிறார்கள். அது சொல்லுக்கு நாம் செய்யும் அநீதி. எண்ணாகமம் 35இல் வருகிற ‘கோஏல் ஹத்தாம்’, அதாவது இரத்தத்தின் கோஏல், கொலையுண்டவனின் நெருங்கின உறவினன். கொன்றவனைத் தேடிப் பிடித்துக் கொல்வது இவன் கடமை. நிலத்தை மீட்பவனுக்கும் இவனுக்கும் ஒரே பெயர். ஏன்? நிலம் போனாலும், ஆள் போனாலும், இரத்தம் போனாலும் குடும்பத்திலிருந்து ஏதோ ஒன்று பறிபோயிருக்கிறது. அதற்காக எழுந்து நிற்க வேண்டியவன் ஒருவன். அவன் பெயர் கோஏல்.

சட்டம் இந்தப் பழிக்கு வேலி போடுகிறது. யோர்தானுக்கு இக்கரையில் கேதேசு, சீகேம், எப்ரோன், அக்கரையில் பேசேர், ராமோத், கோலான் என்று ஆறு அடைக்கலப் பட்டணங்கள். தெரியாமல் கொன்றவன் அங்கே ஓடிப் போகலாம். ஓடுவதற்கு வழியைச் சீர்படுத்தி வைக்க வேண்டும் என்று உபாகமம் சொல்கிறது. சபை விசாரிக்க வேண்டும். ஒரே சாட்சியை நம்பி உயிரை எடுக்கக்கூடாது. தெரிந்தே கொலை செய்தவனிடம் பணம் வாங்கிக்கொண்டு விடவும் கூடாது. இந்தக் கடைசி விதி முக்கியமானது. பணக்காரன் கொலைக்கு விலை கொடுத்துத் தப்ப முடியாத சமூகம் ஒன்றை அந்த வசனம் எண்ணிப் பார்க்கிறது.

சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 14ஆம் அதிகாரத்தில் தெக்கோவா ஊர்ப் பெண் தாவீதிடம் சொல்லும் கதையைக் கவனியுங்கள். தாவீதின் படைத்தலைவன் யோவாப் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த கதை அது. விதவை ஒருத்திக்கு இரண்டு மகன்கள். வயலில் சண்டை, ஒருவன் மற்றவனை அடித்துக் கொன்றுவிட்டான். குலத்தார் எல்லாரும் எழுந்து மிஞ்சியவனையும் கேட்கிறார்கள். அவனும் போனால் அவள் கணவனின் பேர் பூமியில் இல்லாமல் போகும். இரத்தத்தைக் கேட்பதும் கோஏலின் கடமை, வம்சம் அற்றுப்போகாமல் காப்பதும் அந்தக் குடும்பக் கடமைதான். இரண்டும் ஒரே வீட்டுக்குள் மோதிக்கொள்ளும்போது சட்டப் புத்தகத்தில் விடை இல்லை. அதனால்தான் அவள் அரசனிடம் வருகிறாள். தாவீது அவள் மகனின் தலைமயிர் ஒன்றுகூடத் தரையில் விழாது என்று வாக்குக் கொடுக்கிறான். கதை, சகோதரனைக் கொன்றுவிட்டு ஓடிப்போன தன் மகன் அப்சலோமைக் குறித்தது என்பது அதன்பின்தான் அவனுக்குப் புலப்படுகிறது.

நம் தமிழ் வேதாகமத்தைத் திறந்தால், ஒரே எபிரெயச் சொல் இடத்துக்கு இடம் வேறு வேறு உருவில் வருகிறது. லேவியராகமத்தில் இனத்தான், எண்ணாகமத்தில் பழிவாங்குகிறவன், ரூத்தில் சுதந்தரவாளி, யோபிலும் ஏசாயாவிலும் மீட்பர். நான்கும் சரியான சொற்கள்தான். அந்தந்த இடத்தில் வேறு சொல் பொருந்தாது. ஆனால் நான்கும் ஒரே ஆள் என்பது தமிழ் வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. கிரேக்க மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதே நிலைதான்: ரூத்தில் நெருங்கின உறவினனைக் குறிக்கும் சொல்லையும், ஏசாயாவில் விடுவிப்பவரைக் குறிக்கும் சொற்களையும் இட்டார்கள். ஒரு செய்தியை இங்கே சொல்ல விரும்புகிறேன். தரங்கம்பாடியில் பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கிய சீகன்பால்கு 1719இல் இறந்தபோது அவர் எட்டியிருந்தது ரூத் புத்தகம் வரை. அதற்குப் பின்னுள்ள பகுதியைப் பெஞ்சமின் சூல்ச் முடித்தார். இந்தச் சொல் மிக அதிகமாகப் புழங்கும் கதையோடு அந்தப் பெருமகனின் பணி நின்றது.

ரூத்துக்கு வருகிறேன். இங்கே சற்று நிதானமாக நிற்க வேண்டும். நான்கே அதிகாரம், 85 வசனம். அதற்குள் இந்த வேர்ச்சொல் இருபது தடவைக்கு மேல் வருகிறது.

பஞ்சம் பிழைக்க மோவாபுக்குப் போன நகோமி கணவனையும் இரண்டு மகன்களையும் அங்கே புதைத்துவிட்டுத் திரும்புகிறாள். கூடவே மருமகள் ரூத், மோவாபியப் பெண். மோவாபியர் கர்த்தரின் சபைக்குள் வரக்கூடாது என்று உபாகமம் 23 விதிக்கிறது. அந்த இனத்தைச் சேர்ந்தவள், நகோமியின் கணவனுக்கு உறவினனான போவாசின் வயலில் கதிர் பொறுக்குகிறாள். போவாஸ் அவளை வாழ்த்தும்போது, அவள் இஸ்ரவேலின் கடவுளுடைய செட்டைகளுக்குள் அடைக்கலம் தேடி வந்தவள் என்கிறான். செட்டைக்கு எபிரெயத்தில் கானாஃப். ஆடையின் விளிம்புக்கும் அதே சொல். பிறகு களத்துமேட்டில், இரவில், ரூத் அவன் காலடியில் படுத்திருந்து, அவன் விழித்தவுடன் கேட்கிறாள்: உம்முடைய கானாஃபை என்மேல் விரியும், நீர் கோஏல் அல்லவா. கடவுளின் செட்டையைக் காட்டி வாழ்த்தியவனிடம், உம்முடைய ஆடை விளிம்பு எங்கே என்று கேட்டுவிட்டாள். வாழ்த்தியவனே அந்த வாழ்த்தை நிறைவேற்ற வேண்டும் என்பது அவள் கோரிக்கை. வேதாகமத்தில் இதைவிடத் துணிவான வேண்டுகோள் பல இல்லை.

போவாசுக்கு முன்னால் இன்னொரு நெருங்கின உறவினன் இருக்கிறான். ஊர்வாசலில் பத்து மூப்பர்களை உட்காரவைத்துப் போவாஸ் அவனை அழைக்கிறான். நகோமி விற்கும் நிலத்தை மீட்கிறாயா? மீட்கிறேன் என்கிறான். கூடவே ரூத்தும் வருகிறாள், செத்தவன் பேர் அவன் சுதந்தரத்தில் நிலைக்க வேண்டும் என்றதும் பின்வாங்குகிறான். தன் சுதந்தரம் கெட்டுப்போகும் என்பது அவன் சொல்லும் காரணம். கணக்குப் போட்டுப் பாருங்கள், அவன் சொல்வது நியாயம்தான். வெள்ளியைக் கொடுத்து நிலத்தை வாங்குவான், பிறக்கும் குழந்தை செத்தவன் பேரில் நிலத்தை எடுத்துக்கொள்ளும், வெள்ளி போனது போனதுதான். அவன் கெட்டவனல்ல. ஆனால் கோஏலாக இருப்பது இழப்போடு வரும் என்பதை அவன் ஏற்கவில்லை. கதாசிரியர் அவன் பேரைச் சொல்லாமல் ‘இன்னான்’ என்று சொல்லிக் கடந்துபோகிறார். செருப்பைக் கழற்றிக் கொடுத்து அவன் கதையை விட்டு வெளியேறுகிறான்.

கடைசியில் போவாசுக்கும் ரூத்துக்கும் ஓபேத் பிறந்ததும் பெத்லகேம் பெண்கள் நகோமியிடம் பேசுகிறார்கள். இன்று உனக்குக் கோஏல் இல்லாமல் போகும்படி கர்த்தர் விடவில்லை என்று. யார் அந்தக் கோஏல்? போவாஸ் என்று சொல்கிற உரையாசிரியர்கள் உண்டு. அடுத்த வசனத்தை வாசித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. உன் மருமகள் அவனைப் பெற்றாளே என்கிறார்கள் பெண்கள். பெற்றது குழந்தையைத்தான். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை, பாட்டியின் முதுமையைத் தாங்கப்போகிறவன், அவன்தான் கோஏல். ஏழு மகன்களிலும் மேலானவள் என்று பேர் வாங்கியது அவனைப் பெற்ற அந்நியப் பெண். பிறப்பால் உறவில்லாதவள் உறவின் கடமையை உறவுக்காரர்களுக்கு நினைவூட்டியிருக்கிறாள்.

யோபு 19:25 பற்றிப் பேசாமல் இந்தச் சொல்லைப் பேசி முடிக்க முடியாது. தன் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்று தனக்குத் தெரியும் என யோபு முழங்கும் இடம். 1741இல் ஹாண்டல் இயற்றிய ‘மெசியா’ இசைக்கோவையின் மூன்றாம் பாகம் இந்த வசனத்தில்தான் தொடங்குகிறது. உலகெங்கும் கல்லறைகளில் பொறிக்கப்படும் வசனமும் இது. ஆனால் அதற்குப் பன்னிரண்டு வசனம் முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சகோதரர்கள் தூரமாகிவிட்டார்கள், உறவினர் கைவிட்டார்கள், மனைவி முகம் சுளிக்கிறாள், கூடப் பிறந்தவர்கள் அருவருக்கிறார்கள் என்று யோபு ஒவ்வொருவராக எண்ணுகிறான். கோஏலாக வர வேண்டியவர்களின் பட்டியலே அது. அவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று ஆனபின்தான், எனக்கு ஒரு கோஏல் இருக்கிறார் என்கிறான். மூன்று அதிகாரம் முன்னால், என் இரத்தத்தை மூடிப்போடாதே என்று பூமியிடம் கேட்டிருந்தான். இரத்தத்துக்காக எழுந்து நிற்பவரைத் தேடுகிறான் யோபு. ‘எழுந்து நிற்பார்’ என்ற வினை வழக்குமன்றத்தில் சாட்சியாக நிற்பதற்கும் வழங்குவது.

அந்தக் கோஏல் கடவுள்தானா, கடவுளுக்கு எதிரே தனக்காக வாதிடப்போகும் வேறொருவரா என்று இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. கிறிஸ்தவ மரபு கிறிஸ்துவைக் காண்கிறது. யோபின் வாயில் அது கடவுளிடமே கடவுளைப் பற்றி முறையிடும் குரலாக எனக்குக் கேட்கிறது: என்னை அடித்ததும் நீர், எனக்காக நிற்கவேண்டிய உறவும் நீர். 3ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளை இருள் வந்து ‘காஅல்’ (கோஏலின் வினைச்சொல்) செய்துகொள்ளட்டும் என்று சபித்தவன் இவன். இருளே என் நாளுக்கு உறவு என்றவன், 19இல் வேறொரு உறவைப் பற்றிக்கொள்கிறான்.

கடவுளை இந்தச் சொல்லோடு இணைப்பது தொடக்கத்திலேயே நடந்திருக்கிறது. ஆதியாகமம் 48இல் சாகும் தறுவாயில் யாக்கோபு பேரப்பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போது, தன்னை எல்லாத் தீமையிலிருந்தும் மீட்ட தூதனைக் குறிப்பிடுகிறான். வேதாகமத்தில் இந்த வினை முதலில் வரும் இடம் அது. எகிப்திலிருந்து விடுவிப்பதாக யாத்திராகமம் 6இல் கடவுள் சொல்லும் வாக்குறுதிகளிலும் இது இருக்கிறது. நீதிமொழிகள் 23 திக்கற்ற பிள்ளைகளின் வயல் எல்லையை நகர்த்தாதே என்று எச்சரிக்கிறது. காரணம், அவர்களுடைய கோஏல் வல்லவர். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு உறவுக்காரர் யாருமில்லை என்று நினைத்து எல்லைக்கல்லைத் தள்ளிவைப்பவனுக்குச் சொல்லப்பட்டது இது.

ஆனால் இந்தச் சொல்லைக் கடவுளின் பெயராகவே ஆக்கியது ஏசாயா புத்தகத்தின் பிற்பகுதிதான். 40 முதல் 66 வரையுள்ள அதிகாரங்களில் கோஏல் என்ற பெயர் 13 முறை கடவுளுக்கு வருகிறது. பாபிலோன் நாட்டில் சிறைப்பட்டிருந்த மக்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி அது. அவர்கள் இழந்ததை எண்ணிப் பாருங்கள். நிலம் போனது. ஆட்கள் அந்நியரிடம் அடிமை. இரத்தம் சிந்தப்பட்டது. பேர் அழியும் நிலை. லேவியராகமம், எண்ணாகமம், ரூத் எதற்கெல்லாம் கோஏலைத் தேடினவோ, அத்தனையும் ஒருசேரப் பறிபோயிருக்கிறது. மீட்பதற்கு உறவுக்காரர் யார்? எல்லாருமே அடிமைகள். அங்கேதான் தீர்க்கதரிசி, உங்கள் கோஏல் கர்த்தர் என்கிறார். எந்தக் கடன்காரனுக்கு நான் உங்களை விற்றேன் என்று 50ஆம் அதிகாரத்தில் கடவுள் கேட்கிறார். விலையின்றி விற்கப்பட்டீர்கள், பணமின்றி மீட்கப்படுவீர்கள் என்பது 52. பத்திரமும் வெள்ளியும் தராசும் தெரிந்த மக்களிடம் அந்த வார்த்தைகளாலேயே பேசுகிறார்.

63ஆம் அதிகாரத்தில் ஒரு விந்தையான இடம். எபிரெயத்தில் காஅல் என்ற ஒலியில் இன்னொரு வேர் இருக்கிறது, கறைப்படுத்துவது என்று பொருள். 3ஆம் வசனத்தில் திராட்சை ஆலையை மிதித்தவரின் ஆடை கறைப்பட்டது என்கிறபோது அந்த வேர். அடுத்த வசனத்தில் என் மீட்கப்பட்டவர்களின் வருஷம் வந்தது என்கிறபோது நம் சொல். மீட்பவரின் ஆடையில் கறை படிந்திருக்கிறது என்பதைக் கவிஞர் ஒலியாலேயே கட்டிவிட்டார். இரத்தத்தின் கோஏல் அங்கே மறைந்துவிடவில்லை. அதே அதிகாரத்தின் 16ஆம் வசனத்தில் மக்கள் பேசுகிறார்கள்: ஆபிரகாம் எங்களை அறியான், இஸ்ரவேல் எங்களை அடையாளம் காணான், ஆனாலும் நீர் எங்கள் தகப்பன், எங்கள் கோஏல் என்பதே ஆதிமுதல் உமது பெயர். முன்னோரே தங்களைக் கண்டுகொள்ளாத நிலையிலும் கடவுளைப் பார்த்து, நீர் எங்களுக்கு உறவு என்கிறார்கள். வழக்குமன்றத்தில் பாத்தியதை கோருகிறவனின் குரல் அது. தகுதியைச் சொல்லவில்லை, உறவைச் சொல்கிறார்கள்.

இந்தச் சொல் பிற்காலத்தில் நாணயத்திலும் ஏறியது. ரோமுக்கு எதிராக எழுந்த முதல் யூதக் கலகத்தின் நான்காம் ஆண்டு வெண்கலக் காசுகளில் ‘சீயோனின் கெஉல்லாவுக்காக’ என்று பொறித்தார்கள்.  அதற்கு முந்தைய ஆண்டுகளின் வெண்கலக் காசில் இருந்த சொல் ‘விடுதலை’. நிலைமை மோசமாக மோசமாக, தாங்களே பெறும் விடுதலையை விட்டுக் கோஏல் வந்து தரவேண்டிய மீட்புக்கு அவர்கள் நகர்ந்தது போல எனக்குப் படுகிறது. கி.பி. 132இல் பர் கோக்பா கலகத்தின் முதலாண்டுக் காசிலும் இஸ்ரவேலின் கெஉல்லா என்றே இருக்கிறது.

யூதர்களின் அன்றாட ஜெபத்தில் ஏழாவது ஆசீர்வாதம் ‘கோஏல் இஸ்ராயேல்’ என்று முடிகிறது. மூன்று வேளையும் சொல்கிறார்கள். கோஏல் என்பது இலக்கணப்படி நிகழ்கால வினையாலணையும் பெயரை ஒத்த வடிவம், மீட்டுக்கொண்டிருப்பவர். ‘இஸ்ரவேலே, கேள்’ என்று தொடங்கும் செமா வாசிப்புக்குப் பின் வரும் ஆசீர்வாதத்திலோ ‘காஅல் இஸ்ராயேல்’, மீட்டார் என்று இறந்தகாலம். ஏன் இந்த வேறுபாடு என்று தல்மூதில் ரபா என்ற அறிஞர் விளக்குகிறார். செமாவுக்குப் பின் சொல்வது எகிப்தில் நடந்ததற்கான புகழ்ச்சி. ஏழாவது ஆசீர்வாதம் இரக்கம் கேட்டுச் சொல்வது. கேட்கும்போது உறவுக்காரரை அவர் செய்துமுடித்த செயலைச் சொல்லி அழைப்பதில்லை, இன்னும் செய்யவேண்டியவராகவே அழைக்கிறார்கள்.